வாய்க்காலும் வக்கடையும்: தொலைபேசி வழிப் படிப்பில் வீட்டாரின் பங்கு

பாடசாலை மூடப்படுவது எமது வாவிக்கரை மக்களுக்குப் புதிய விடயம் அல்ல. 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி, 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை, 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பேர் இடம்பெயர்ந்தமை, 2011 ஜனவரிப் பெருவெள்ளம் என்று ஒவ்வொன்றிலும் வயலைக் கைவிட்டது போலவே வகுப்பறையையும் கைவிட நேர்ந்தது. பாடசாலைக் கட்டடங்களே பல தடவை அகதி முகாம்களாயின. பிள்ளையும் பாடசாலையும் ஒன்றையொன்று மீண்டும் கண்டுகொள்ள மாதக்கணக்காயிற்று. சில பிள்ளைகள் திரும்பவே இல்லை. தகப்பனோடு வேளாண்மை வெட்டுக்கும் தாயோடு கூலிக்கும் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாத நடுப்பகுதியில் கொவிட்-19 நோய் காரணமாக இலங்கையின் எல்லாப் பாடசாலைகளும் மூடப்பட்டபோது, நாம் பலமுறை கண்ட இந்த நிலை நாடு முழுவதற்கும் வந்தது. நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர் வீட்டில் இருந்தனர். அந்த வேளையில்தான் தொலைபேசி வகுப்பறையாயிற்று. அதன்பின் 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டினால் நகரப் பாடசாலைகள் மூடப்பட்ட வேளையிலும் இதே வழி மீண்டும் கையாளப்பட்டது. வெள்ளத்தினாலோ, புயலினாலோ, யானைத் தொல்லையினாலோ, காணிப் பிணக்கினாலோ சொந்த ஊரை விட்டு வேறிடத்தில் தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு இந்த வழி எந்த அளவுக்கு உதவும், எந்த இடத்தில் உதவாது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இந்தக் கருவிகள் யாவை?

முதலாவது, வாட்ஸ்அப் குழு. ஆசிரியர் தம் வகுப்புப் பெற்றாரின் எண்களைச் சேர்த்து ஒரு குழு அமைப்பார். பயிற்சித்தாளின் படம், குரல் செய்தி, சிறு காணொளி என்பன அதில் வரும். பிள்ளை செய்த வேலையைப் படம் பிடித்துத் திருப்பி அனுப்பலாம். 2020இலும் 2021இலும் எமது நாட்டில் மிகக் கூடுதலாகப் பயன்பட்டது இதுவே.

இரண்டாவது, சூம் போன்ற நேரடி வகுப்பு. ஆசிரியரும் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துப் பேசலாம். ஆனால் படத்துடன் நடக்கும் ஒரு மணி நேர வகுப்புக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி டேட்டா செலவாகலாம். ஒரு நிமிடக் குரல் செய்திக்கோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. ரீலோட் போடும் காசை எண்ணிச் செலவழிக்கும் குடும்பம் இந்தக் கணக்கை மனதில் வைத்திருப்பது நல்லது.

மூன்றாவது, பாடங்களைச் சேர்த்து வைத்திருக்கும் இணையத்தளங்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிப் பாடங்கள் உள்ளன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் அரசாங்கப் பாடநூல்களை இலவசமாகப் பெறலாம். வெள்ளத்தில் புத்தகப் பை போய்விட்ட பிள்ளைக்கு இது பெரிய உதவி. முழு நூலையும் இறக்க வேண்டியதில்லை. தெரிந்தவர் ஒருவர் ஒரு தடவை இறக்கினால், அதையே மற்றவர்களின் தொலைபேசிக்கு டேட்டாச் செலவின்றி மாற்றிக் கொடுக்கலாம்.

நான்காவது, கூகிள் கிளாஸ்ரூம் போன்ற இணைய வகுப்பறை. இது 2014இல் வந்தது. ஆசிரியர் வேலை கொடுப்பதும், பிள்ளை ஒப்படைப்பதும், புள்ளி இடுவதும் ஒரே இடத்தில் நடக்கும். இதில் நாம் கவனிக்க வேண்டிய ஓர் ஏற்பாடு உண்டு. பாடசாலை விரும்பினால், பிள்ளை எதைச் செய்யவில்லை, அடுத்து என்ன வேலை வரப்போகிறது, வகுப்பில் என்ன நடந்தது என்ற சுருக்கத்தைப் பெற்றாரின் மின்னஞ்சலுக்கு நாள்தோறுமோ வாரந்தோறுமோ அனுப்பச் செய்யலாம். மின்னஞ்சல் இல்லாத எமது வீடுகளுக்கு அது அப்படியே பயன்படாது. ஆனால் பாடம் பிள்ளைக்குப் போனால் மட்டும் போதாது, செய்தி வீட்டாருக்கும் போக வேண்டும் என்ற அதன் எண்ணம் மிகவும் பொருத்தமானது. அதை வாட்ஸ்அப் குரல் செய்தியாலும் செய்யலாம். எப்படி என்பதைப் பின்னர் சொல்வோம்.

எங்கே தடைப்பட்டது?

தொற்றுக் காலத்தில் இந்த வழி எல்லாருக்கும் சமமாகப் பயன்படவில்லை. நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீட்டில்தான் கணினி இருந்தது. மற்றவர்கள் ரச் போனையே நம்பியிருந்தனர். அதுவும் வீட்டுக்கு ஒன்று. உதாரணமாக, மூன்று பிள்ளைகளும் ஒரு தொலைபேசியும் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். விடிந்ததும் தகப்பன் அதை எடுத்துக்கொண்டு வட்டைக்குப் போய்விடுவார். உழவு இயந்திரக்காரரும் நெல் வாங்குபவரும் அந்த எண்ணுக்குத்தான் பேசுவார்கள். அவர் பொழுதுபட வந்து சேரும்போது அன்றைய வகுப்பு முடிந்திருக்கும். மூத்த பிள்ளைக்குச் சாதாரண தரப் பரீட்சை என்பதால் முதலிடம் அதற்கே. தரம் 3இல் படிக்கும் கடைக்குட்டியின் முறை வரும்போது டேட்டா தீர்ந்திருக்கும்.

சிக்னல் இன்னொரு தடை. 2021இல் மலைப்பாங்கான ஒரு கிராமத்தில் ஆசிரியரும் பிள்ளைகளும் காட்டு வழியே நடந்து, பாறை மேல் ஏறிப் படித்த செய்தி உலகெங்கும் வெளியாயிற்று. எமது பகுதியில் மலை இல்லை. ஆனால் வயலோரக் குடியிருப்புகளில் சிக்னல் தேடிப் பிள்ளை மாலையில் குளக்கட்டுக்குப் போனால், அங்கே யானை நிற்கக்கூடும். எந்தப் பாடத்துக்காகவும் பிள்ளையைப் பொழுதுபட்ட பின் தனியே அனுப்பலாகாது.

பாடசாலைகள் மூடப்பட்டும் திறக்கப்பட்டும் ஒன்றரை வருடத்துக்கு மேல் சென்றது. 2021 யூலையிலிருந்து ஆசிரியர் சம்பளப் போராட்டத்தினால் இணையவழிக் கற்பித்தலும் பல இடங்களில் நின்றது. அந்த ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதியே 200க்குக் குறைந்த மாணவர் உள்ள ஆரம்பப் பிரிவுகள் முதலில் திறக்கப்பட்டன. இந்த இடைக்காலத்தில் தொலைபேசி இல்லாத பிள்ளையின் பெயர் பதிவேட்டில் இருந்தது. பிள்ளையோ படிப்பில் இல்லை. இடம்பெயர்ந்த குடும்பங்கள் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

வெளியுலகம் தரும் பாடம்

ஆபிரிக்காவில் பொட்ஸ்வானா என்றொரு நாடு உண்டு. 2020இல் அங்கே பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் உள்ள நாலாயிரத்து ஐந்நூறு வரையான குடும்பங்களிடையே ஒரு முயற்சி செய்து பார்த்தார்கள். இணையம் பயன்படுத்தவில்லை. சாதாரண பட்டன் போன் போதுமானதாக இருந்தது. சில குடும்பங்களுக்கு வாரம் ஒரு தடவை எளிய கணக்குகளைக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். வேறு சில குடும்பங்களுக்குக் குறுஞ்செய்தியுடன், வாரம் ஒரு தடவை இருபது நிமிடம் வரையில் தொலைபேசியில் பேசினார்கள். அந்த அழைப்பில் பெற்றாரும் பிள்ளையும் சேர்ந்திருந்து ஒரு கணக்கைச் செய்தார்கள்.

சில மாதங்களின் பின் சோதித்தபோது, குறுஞ்செய்தி மட்டும் பெற்ற பிள்ளைகளிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. அழைப்பும் பெற்ற பிள்ளைகள் கூட்டல், கழித்தல், பெருக்கல், பிரித்தலில் முன்னேறியிருந்தனர். தம் பிள்ளை எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை அவர்களின் பெற்றார் சரியாக அறிந்திருந்தனர். பின்னர் இந்தியா, நேபாளம், கென்யா, உகண்டா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளிலும் இதே வழி பயன் தந்தது.

தமிழ்நாட்டு அனுபவத்தையும் பார்ப்போம். அங்கே தொற்றுக் காலத்தில் அரசாங்கம் கல்வித் தொலைக்காட்சி மூலம் பாடம் நடத்தியது. ஆயினும் 2021 ஒக்டோபர் 27ஆம் திகதி ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற திட்டத்தையும் ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. ஊர்த் தொண்டர்கள் மாலையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், 1ஆம் வகுப்பு முதல் 8ஆம் வகுப்பு வரையான பிள்ளைகளை வீட்டருகே கூட்டிவைத்துப் படிப்பித்தார்கள். தொலைக்காட்சியும் தொலைபேசியும் விட்ட இடைவெளியை அயலில் உள்ள ஒரு மனிதர்தான் நிரப்ப வேண்டியிருந்தது.

இவற்றிலிருந்து நாம் அறிவது ஒன்றே. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் மட்டும் வரவை நனையாது. வக்கடையை வெட்டிவிட ஒருவர் வரம்பில் நிற்க வேண்டும். தொலைபேசி பாடத்தை வீட்டு வாசல் வரை கொண்டுவரும். அதைப் பிள்ளைக்குப் பாயச் செய்பவர் வீட்டில் இருக்கும் பெரியவர். அவருக்கு எழுத்து வாசனை இருக்க வேண்டும் என்பதில்லை.

வீட்டார் செய்யக்கூடியவை

1. எண்ணைக் கொடுங்கள். பாடசாலைப் பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண் பழையதாயின் ஆசிரியர் உங்களைத் தேடிப் பிடிக்க முடியாது. இடம் மாறிய முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியருக்குப் புதிய எண்ணையும், இப்போது தங்கியிருக்கும் இடத்தையும் அறிவியுங்கள். கூடவே அயலவர் அல்லது உறவினர் ஒருவரின் எண்ணையும் கொடுத்துவையுங்கள்.

2. தொலைபேசிக்கு நேரம் குறியுங்கள். தகப்பன் வயலால் வந்தபின் மாலை 6 மணி முதல் 8 மணி வரை அது பிள்ளைகளுக்குரியது என்று வைத்துக்கொள்ளலாம். முதல் அரை மணி நேரத்தைச் சின்னப் பிள்ளைக்குக் கொடுங்கள். மூத்தவருக்குப் புத்தகம் பார்த்துத் தானே படிக்கத் தெரியும். எழுத்துக் கூட்டும் வயதில் உள்ள பிள்ளைக்குத்தான் பிறர் துணை கூடுதலாகத் தேவை.

3. டேட்டாவை மிச்சம் பிடியுங்கள். குழுவில் வரும் படங்களும் காணொளிகளும் தாமாகவே இறங்காதபடி வாட்ஸ்அப்பில் மாற்றிவைக்கலாம். தெரியாவிட்டால் ஊரில் ஒரு இளைஞரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் செய்து தருவார். தேவையான பயிற்சியை மட்டும் தொட்டு இறக்கி, கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டால் மீண்டும் திறக்க வேண்டியதில்லை.

4. மூன்று கேள்விகள் கேளுங்கள். இன்று என்ன படித்தாய்? அதை எனக்குச் சொல்லிக் காட்டு, பார்ப்போம். உனக்கு விளங்காதது எது? வாசிக்கத் தெரியாத அம்மம்மாவும் இவற்றைக் கேட்கலாம். பிள்ளை திக்கித் திணறினால், அந்த இடத்தைக் குரல் செய்தியில் ஆசிரியருக்குச் சொல்லுங்கள். “சேர், பிள்ளைக்குப் பின்னக் கணக்கு விளங்கவில்லை” என்ற ஒரு வரி போதும். பேசுவதற்கு எழுத்துத் தேவையில்லை. தயக்கமும் வேண்டாம்.

5. வெளிநாட்டில் உள்ள தாயையும் சேருங்கள். எமது ஊர்களில் பல தாய்மார் மத்திய கிழக்கில் வேலை செய்கிறார்கள். இரவில் இமோவில் பேசும்போது பிள்ளை ஒரு பந்தியை வாசித்துக் காட்டட்டும். வகுப்புக் குழுவில் தாயின் எண்ணையும் சேர்க்கும்படி ஆசிரியரிடம் கேட்கலாம். தூரத்தில் இருந்தாலும் பிள்ளையின் படிப்பைத் தாய் அறிந்திருப்பார்.

6. உங்கள் அறிவையும் அனுப்புங்கள். ஆரம்ப வகுப்புகளில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்றொரு பாடம் உண்டு. நீங்கள் விதைக்கும் நெல்லினங்கள், வாவியில் படும் மீன் வகை, மாரி பிறக்கும் அறிகுறி, சூடு மிதித்த காலத்துப் பழக்கங்கள் என்பவற்றைத் தாத்தா ஒரு நிமிடக் குரல் செய்தியாகச் சொன்னால், அது வகுப்பு முழுவதற்கும் பாடமாகும். காணியை விட்டு வந்த பிள்ளைக்குத் தன் ஊரின் நினைவும் அதனால் அழியாமல் இருக்கும்.

7. பாதுகாப்பைக் கவனியுங்கள். அறியாத எண்ணிலிருந்து பிள்ளைக்குத் தனியாகச் செய்தி வந்தால் பதில் அனுப்பவிடாமல், வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். பெண் பிள்ளைகளின் படங்களைக் குழுவில் இடாதீர்கள். கூடுமானவரை குழுவில் பெற்றாரின் எண்ணே இருக்கட்டும்.

பாடசாலையிடம் கேட்கக்கூடியவை

கேட்பது உங்கள் உரிமை. அதைப் பணிவாகவும், சேர்ந்தும் கேட்கலாம். பெற்றார் கூட்டத்திலோ பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலோ நான்கு விடயங்களை முன்வையுங்கள்.

முதலாவது, வாரத்துக்கு ஒரு குரல் செய்தி. மேலே சொன்ன கூகிள் கிளாஸ்ரூம் சுருக்கத்தைப் போல, இவ்வாரம் என்ன படிப்பித்தோம், எந்த வேலை வந்து சேர வேண்டும், அடுத்த வாரம் என்ன என்ற மூன்றையும் வகுப்பாசிரியர் இரண்டு நிமிடத்தில் சொன்னால் போதும். அது எழுத்து அறியாத வீட்டுக்கும் விளங்கும்.

இரண்டாவது, நேரடி வகுப்பிலும் பார்க்கக் குரல் செய்திக்கும் படத்துக்கும் முதலிடம் கொடுக்கும்படி கேளுங்கள். தகப்பன் வீடு வந்தபின் கேட்க முடியும் என்பதே அதன் நன்மை.

மூன்றாவது, பட்டன் போன் மட்டும் உள்ள வீடுகளின் பட்டியல் ஒன்று வகுப்பில் இருக்கட்டும். அந்த வீடுகளுக்கு வாரம் ஒரு அழைப்பு, பத்து நிமிடமாயினும் வர வேண்டும். பொட்ஸ்வானாவில் பயன் தந்தது இதுவே.

நான்காவது, தொலைபேசியே இல்லாத பிள்ளைக்கு அச்சிட்ட பயிற்சித்தாள். வாவியைக் கடந்து நாள்தோறும் படுவான்கரைக்கு வரும் ஆசிரியர்கள் பலர் உள்ளனர். கடையிலோ, ஆலயத்திலோ, முன்பள்ளியிலோ தாள்களை வைத்துச் சென்றால் வீட்டார் எடுத்துக்கொள்ளலாம். செய்த தாளை அங்கேயே திருப்பி வைக்கலாம்.

ஆசிரியருக்கும் வீடும் பிள்ளைகளும் உண்டு என்பதை நாமும் மறக்கலாகாது. இரவு எட்டு மணிக்குப் பின் அவரை அழைக்காமல் இருப்பதும், குழுவில் வாழ்த்துப் படங்களையும் அரசியல் செய்திகளையும் இடாமல் இருப்பதும் எமது கடமை. பாடத்துக்குரிய குழுவில் இருபது காலை வணக்கங்கள் வந்து விழுந்தால், ஒரு பயிற்சித்தாள் அவற்றுள் மறைந்துவிடும்.

தொலைபேசியால் முடியாதது

திறந்திருக்கும் பாடசாலைக்குத் தொலைபேசி ஈடாகாது. இதனை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஊருக்குத் திரும்பும் வரை தொலைபேசியில் படிக்கட்டும் என்று பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது பெரும் தீங்காகும். எப்போது திரும்புவோம் என்பது எம் கையில் இல்லை என்பதை 1990லும் 2007லும் இடம்பெயர்ந்தவர்கள் நன்கு அறிவார்கள்.

எமது நாட்டுச் சட்டப்படி 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமானது. 1998இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதி 14 வயது வரை என்றிருந்தது. 2016இல் அது 16 ஆக்கப்பட்டது. ஆகவே நீங்கள் இப்போது தங்கியிருக்கும் இடத்துக்கு அருகிலுள்ள பாடசாலைக்குப் பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி பெறலாம். விடுகைப் பத்திரம் கையில் இல்லாவிட்டால், பழைய பாடசாலை அதிபருடன் புதிய அதிபர் பேசுவதற்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். வகுப்புக் குழுவில் நீங்கள் தொடர்ந்து இருந்திருந்தால், பிள்ளை எது வரை படித்தது என்பதற்கு அதில் உள்ள வேலைகளும் துணை நிற்கும். பாடசாலை சேர்க்க மறுத்தால், கிராம உத்தியோகத்தரிடமும் வலயக் கல்விப் பணிமனையிலும் முறையிடுங்கள்.

புதிய பாடசாலையில் சேர்ந்த பின்னும் பழைய வகுப்புக் குழுவை விட்டு உடனே விலக வேண்டியதில்லை. நண்பர்களின் குரலைக் கேட்பது பிள்ளைக்கு ஆறுதல். ஊர் திரும்பும் நாளில் பாடசாலையும் பிள்ளையை மறந்திருக்காது.

இக்கட்டுரையை வாசிப்போர், அடுத்து வரும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலோ விவசாய சங்கக் கூட்டத்திலோ இதனை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். அன்றே ஒரு கொப்பியில் நான்கு நிரல் கீறுங்கள். உங்கள் இடத்தில் உள்ள பள்ளி வயதுப் பிள்ளைகளின் பெயர், தரம், இப்போது போகும் பாடசாலை, வீட்டில் உள்ள தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதுங்கள். மூன்றாம் நிரல் வெறுமையாக உள்ள பிள்ளையின் வீட்டுக்கு அந்த வாரமே இருவர் போய்வர வேண்டும். நான்காம் நிரல் வெறுமையாக உள்ள பிள்ளைக்கு அயல் வீட்டுத் தொலைபேசி ஒன்றை ஒழுங்கு செய்து, அந்த எண்ணை வகுப்பாசிரியரிடம் சேர்த்துவிட வேண்டும்.